மாத்திரை வாங்க வந்தவரிடம் என்ன பேசுவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாழ்க்கைமுறை ஆலோசனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் பென்னாகரம் பக்கம், பிறகு தேன்கனிக்கோட்டை பக்கம் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராக வேலை பார்த்தவன் நான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புதிதாகப் பணியில் சேரும் டாக்டர்களும் செவிலியர்களும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். அவற்றில்தான் நானும் அதிகம் சறுக்கியிருக்கிறேன்.

முகாம் நடத்துகிறோம், சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். ஓபியிலும் (வெளிநோயாளிப் பிரிவிலும்) பேச வேண்டுமா?

முகாமுக்கு வருபவர் ஒரு நாள் வந்து பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பிரஷர், சுகர் மாத்திரை வாங்குபவர் அப்படியல்ல. மாதம் தவறாமல் வந்தால் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை நம் மேஜைக்கு எதிரே உட்காருகிறார். அந்தப் பன்னிரண்டு சந்திப்புகள்தான் நமக்கிருக்கும் கைமுதல். அதை மாத்திரைச் சீட்டு கிழிப்பதற்கு மட்டும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவர் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள் என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்வேன். லண்டன் குடும்ப மருத்துவர்கள் 28 பேரிடம் வந்த 2,138 புகைபிடிப்பவர்களை வைத்து மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் 1979-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்றுமே சொல்லாமல் அனுப்பப்பட்டவர்களில், புகையை விட்டு ஒரு வருடம் கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 0.3 பேர். டாக்டர் வாயால் 'விட்டுவிடுங்கள்' என்று சொல்லப்பட்டவர்களில் 3.3 பேர். அதையே சொல்லி, ஒரு துண்டுத்தாளும் கொடுத்து, 'பிறகு உங்களிடம் விசாரிப்போம்' என்றும் சொல்லி அனுப்பியவர்களில் 5.1 பேர். எண் சின்னதுதான். ஆனால் அதற்கு ஆன செலவு ஓரிரு நிமிடப் பேச்சு. என் கண்ணில் படுவது அந்தக் கடைசிப் பகுதி: மறுபடி கேட்பார்கள் என்ற நினைப்பு.

நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எங்கே நேரம்?

நியாயமான கேள்வி. 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். நாம் எந்தப் பக்கத்துக்குப் பக்கத்து வீடு என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் பேசாதீர்கள். நான் கடைசியில் வந்து சேர்ந்த வழி இதுதான்: ஒரு கேள்வி, ஒரு காரியம், நோயாளி கொண்டுவரும் நோட்டில் ஒரு வரி. அடுத்த மாதம் நோட்டைத் திறந்ததும் பிரஷர் எண்ணுக்கு முன்னால் அந்த வரியைப் பற்றிக் கேட்பது.

ஒரு நாள் நடந்ததையே சொல்கிறேன். தக்காளி பறிக்கிற கூலி வேலைக்குப் போகும் ஓர் ஆயா. சுகர் இறங்கவே இல்லை.

"ஆயா, ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"அதென்ன சாமி, வேலைக்குப் போனா குடுப்பாங்க. நாலு, அஞ்சு ஆவும்."

"அதுல எது இல்லன்னா உனக்குப் பரவால்ல?"

"மூணு மணிக்குக் குடுக்கறது வாணாம். அது டீயா, வெறும் பாகு."

நோட்டில் எழுதியது: 'மூணு மணி டீ இல்லை.' அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதை விடலாம் என்று நான் சொல்லியிருந்தால் காலை டீயைச் சொல்லியிருப்பேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போய்க் குடித்திருப்பார்.

எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. புதிதாகச் சுகரோ பிரஷரோ கண்டுபிடிக்கப்பட்டவர், இருமலோடு வந்த பீடிக்காரர், போன தடவையைவிட எண் ஏறியவர், கர்ப்பிணி என்று நாளுக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்றவர்களுக்கு அவர்கள் முறை வரும்.

திட்டினால்தான் கேட்கிறார்கள் என்கிறார்களே சீனியர்கள்?

திட்டினால் கேட்பதுபோல் இருப்பார்கள். அடுத்த மாதம் வேறு டாக்டர் இருக்கும் நாளாகப் பார்த்து வருவார்கள், அல்லது மாத்திரையை வாங்கிவரப் பேரனை அனுப்புவார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிநோயாளிகளைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது, நோயாளியே தன் காரணத்தைத் தன் வாயால் சொல்லும்படி பேச்சை நடத்தும் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' முறை. பெயரெல்லாம் மறந்துபோகலாம், தவறில்லை. 'ஏன் குடிக்கறீங்க?' என்பது குற்றவிசாரணை. 'குடிக்காத நாள்ல எப்படி இருக்கும்?' என்பது பேச்சு. இந்த வித்தியாசம் கைவந்தால் மீதி தானாக வரும்.

'நாங்க களி திங்கறவங்க, எங்களுக்கு எப்படி சுகர் வரும்?' என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

இந்த இரண்டு மாவட்டத்திலும் இதைக் கேட்காத நாளே இல்லை. பதிலில் அவசரப்பட்டால் கெடுத்துவிடுவோம்.

கேழ்வரகு நல்ல தானியம். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி கிட்டேயே வராது. நார்ச்சத்தும் கூடுதல். ஆனால் அதே 100 கிராமில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. மில்லில் நைசாக அரைத்து, நொய்யரிசியும் போட்டுக் கிண்டி, தலையளவு உருண்டையாக இறக்கினால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகம். தாத்தா அதே உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு ஏர் ஓட்டினார். பேரன் சாப்பிட்டுவிட்டு பைக்கில் போய் ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கிறான்.

இதற்காகக் களியை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு காலத்தில் சொன்னேன். 'களிய விட்டு சப்பாத்தி சாப்பிடுங்க' என்று. அந்த வீட்டில் சப்பாத்திக் கட்டையே கிடையாது. கொஞ்ச நாள் மைதாப் பரோட்டா வாங்கித் தின்றிருக்கிறார் மனுஷன், டாக்டர் சொன்னதாகவே நினைத்துக்கொண்டு.

இப்போது சொல்வது: உருண்டை பாதி, கடைசல் இரண்டு மடங்கு. கீரைக் கடைசல், கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு எல்லாம் நம் ஊர் சாப்பாடுதான். பருப்பும் கீரையும் கூடினால் வயிறும் நிற்கும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். சாமைச் சோறுக்கும் இதே கதை: சிறுதானியம் என்ற பெயரை வைத்துக்கொண்டு அளவை மறக்கக் கூடாது. டி.வி. பார்த்துவிட்டு வந்து 'மில்லட் பிஸ்கட் சாப்பிடலாமா' என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒற்றைச் சொல்: பிஸ்கட் பிஸ்கட்தான்.

மாம்பழ சீசனில்?

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஜூன் மாதத்தில் மாம்பழமே கூடாது என்று சொல்பவர் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை. சுகர் கட்டுக்குள் இருப்பவர் ஒரு சின்னத் துண்டு சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு மேலே அல்ல, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டு. ஜூஸ் வேண்டாம். கட்டுக்குள் இல்லாதவர் இந்த வருஷம் பேரப்பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுக்கட்டும்.

உப்பைக் குறைக்கச் சொல்கிறோம். குறைத்தார்களா என்று எப்படித் தெரியும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன். இதை யாரும் வீட்டில் அளந்து பார்ப்பதில்லை. நான் பாக்கெட்டைக் கணக்குப் பார்க்கச் சொல்வேன். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் பேச்சுக்கு இடமே இல்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடை மிக்ஸர் இந்தக் கணக்கில் வராது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரு தடவை ஓர் அம்மா வீட்டில் கிலோ உப்பு பத்தே நாளில் தீர்ந்தது. நான் பயந்துபோய் விசாரித்தால், பாதி மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கிறது.

இன்னொன்று. ஆணுக்கு பிரஷர் என்றால் அவரிடமே உப்பைப் பற்றிப் பேசிப் பேசி அனுப்பினேன், வருடக்கணக்கில். சமைப்பது அவர் மனைவி. அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் உள்ளே கூப்பிடவில்லை. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கூப்பிடுங்கள். அதே சமயம் 'உன் கைதான் அவருக்கு நோய் வரவெச்சது' என்று தொனிக்காமல் பேசுங்கள்.

சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கும் அது ஆபத்து. விசாரிக்காமல் சிபாரிசு செய்யக் கூடாது.

நடக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள். மலைமேல் ஆடு ஓட்டிக்கொண்டு போகும் பாட்டியிடம் தினம் அரை மணி நேரம் நடங்க என்று நானும் சொல்லியிருக்கிறேன். 'நீ வா கண்ணு என்கூட ஒரு நாள்' என்றார்.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பது பெரியவர்களுக்கான அளவு. அதை விவசாயக் கூலி வேலைக்குப் போகும் பெண் இரண்டே நாளில் தாண்டிவிடுகிறார். அவரிடம் நடையைப் பற்றிப் பேசுவது நேர விரயம். சாப்பாடு, தூக்கம், முதுகுவலி பற்றிப் பேசுங்கள். உழைப்பு நின்றுபோனவர் யார் என்று தேடுங்கள். நிலத்தை விற்றுவிட்டு வீட்டோடு இருப்பவர், முழங்கால் வலியால் திண்ணையோடு தங்கிவிட்டவர், கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரே மிஷின் முன்னால் நிற்பவர். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவர்களையும் இதில் சேர்க்கலாம்: உழைப்பு போய்விட்டது, அந்தச் சாப்பாட்டு அளவு அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அடையாளம் காட்டும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. டவுனில் இருப்பவருக்கு நல்லது. அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கத்துக்காரருக்கு அவர் ஊர் ஏரிக்கரைதான் நடைபாதை.

'நிறைய தண்ணி குடிங்க' என்று சொல்வதில் என்ன தப்பு?

வேறு மாவட்டத்தில் தப்பில்லை. இங்கே எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் சொல்லக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையும், வயதானவர்களுக்கு விறைத்துப்போன மூட்டும் முதுகும் இதனால் வருவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. இதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது.

எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: குடிக்க எந்தத் தண்ணீர், உலை வைக்க எந்தத் தண்ணீர்? ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, களிக்கும் குழம்புக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வீடுகள் நிறைய. சோறும் களியும் உறிஞ்சிக்கொள்ளும் நீர் வயிற்றுக்குள்தானே போகிறது. போர்த் தண்ணீர் துவைக்கவும் கழுவவும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கறுப்பு உப்பு உடம்புக்கு நல்லது என்று வாங்கி வைத்திருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், அதிலும் ஃப்ளோரைடு அதிகம்.

பீடி, வாயில் அதக்கும் புகையிலை: எங்கிருந்து தொடங்க?

கேட்பதிலிருந்து. அதுவும் பெண்களிடம். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பாட்டிமார்களிடம் 'சிகரெட், பீடி உண்டா?' என்று கேட்டு 'இல்லை' என்று எழுதிவிடுகிறோம். 'வாயில என்னம்மா போடுவீங்க?' என்று கேளுங்கள், பிறகு டார்ச்சை அடித்து வாயைப் பாருங்கள். முப்பது வயது தாண்டியவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்படியும் நம் வேலைதான். வெள்ளைத் திட்டு இருந்தால் அவருக்கே கண்ணாடியில் காட்டுங்கள். நான் பேசிய எந்தப் பேச்சும் அந்தக் கண்ணாடி அளவுக்கு வேலை செய்ததில்லை.

விடுகிறேன் என்று சொன்னால் தேதி கேளுங்கள். 'அமாவாசைக்கு அப்புறம்' என்றாலும் சரி, அதை நோட்டில் எழுதுங்கள். 1800-11-2356 என்பது புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண். அங்கேயே அவர் கையில் இருக்கும் போனில் பதிந்து கொடுத்துவிடுங்கள்.

குடி?

அளவோடு குடித்தால் நல்லது என்ற பழைய பேச்சை நாம் சொல்லக் கூடாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனால் ஓர் எச்சரிக்கை. தினமும் காலையிலேயே கை நடுங்கிக் குடிப்பவரிடம் 'இன்னிக்கே நிறுத்து' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு.

ஓசூர் சிப்காட் நைட் ஷிப்டுக்காரர்களுக்கு என்ன சொல்வது?

அவர்கள் பகலில் வருவதே இல்லை, வந்தால் தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். ஒரே காரியம்: நடுராத்திரிச் சாப்பாட்டைச் சின்னதாக்குவது. டிபன் பாக்ஸில் சோற்றுக்குப் பதில் சுண்டலோ வேகவைத்த கடலையோ. தூக்கம் கெட்ட உடம்புக்குப் பசியும் அதிகம், சர்க்கரையும் ஏறும் என்பதைச் சொல்லிவையுங்கள். பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். டீயும் சிகரெட்டும் முடித்து நேரே வந்தவருடைய எண்ணை நம்ப முடியாது.

பேச்சால் உண்மையிலேயே சுகரைத் தடுக்க முடியுமா? நம் மக்களிடம் நிரூபணம் உண்டா?

உண்டு, சென்னையிலேயே. சுகர் வரும் எல்லையில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சுமார் மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாடு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். எடை பெரிதாக இறங்காமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 'வெயிட் குறையலியே சார்' என்று சோர்ந்துபோகிறவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அப்படியென்றால் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்களே?

கூடாது. அந்த ஆய்வு சுகர் இன்னும் வராதவர்களைப் பற்றியது. வந்தவருக்கு மாத்திரையும் வேண்டும், பழக்கமும் மாற வேண்டும். எண் நன்றாக இறங்கினால் குறைப்பதை டாக்டர் முடிவு செய்வார். பாகற்காய் ஜூஸை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுக் கால் புண்ணோடு வந்தவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் டாக்டர் ஒருவரே செய்வதா?

இல்லை, முடியாது. வீடு தேடிப்போய் மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். (ஊர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், சொல்லட்டும்.) அதன் தன்னார்வலர் மாத்திரையோடு வீட்டுக்குள் போகிறார்; உப்புப் பாக்கெட்டையும், எந்தக் குடத்தில் எந்தத் தண்ணீர் என்பதையும் அவரால்தான் கண்ணால் பார்க்க முடியும். நோட்டில் டாக்டர் எழுதிய வரியை அவர் படித்துவிட்டு அதையே கேட்டால் போதும். டாக்டர் ஒன்று, செவிலியர் ஒன்று, தன்னார்வலர் ஒன்று என்று மூன்று புத்திமதி போனால் மூன்றும் வீண். தளி, வேப்பனப்பள்ளி பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த மொழி தெரிந்த தன்னார்வலர் சொல்லும் ஒரு வரி நம்முடைய பத்து வரிக்குச் சமம்.

பலன் தெரிகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இடுப்புச் சுற்றளவுக்கு ஓர் அளவு நாடா போதும்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்குமேல் போனால் கவனம். பிரஷர் 140/90-க்குக் கீழே வருகிறதா பாருங்கள். ஆனால் நான் மாதக் கடைசியில் முதலில் எண்ணிப் பார்ப்பது வேறு: எத்தனை நோட்டில் வரி இருக்கிறது, அதில் எத்தனை வரியை மறுபடி கேட்டிருக்கிறோம். இரண்டாவது எண் எப்போதும் முதல் எண்ணைவிடச் சின்னதாக இருக்கும். அது எங்கள் மார்க், நோயாளியுடையது அல்ல.

நமக்கே தொப்பை இருந்தால் எந்த முகத்தோடு சொல்வது?

இதே முகத்தோடுதான். 'எனக்கும் முடியல சார்' என்று ஒப்புக்கொள்ளும் டாக்டரிடம் நோயாளி பொய் சொல்வது குறைகிறது. எங்கள் நர்ஸம்மா எனக்கும் ஒரு நோட்டுப் போட்டு, 'மதியம் போண்டா இல்லை' என்று எழுதிவைத்தார். அடுத்த மாதம் கேட்கவும் செய்தார், வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே.

நோட்டைத் தொலைத்துவிட்டு வருகிறார்களே?

புது நோட்டுக் கொடுங்கள். பழையதில் என்ன வரி இருந்தது என்று அவரையே கேளுங்கள். எண்கள் நினைவிருக்காது. 'மூணு மணி டீ' நினைவிருக்கும்.